எழுதாத பரீட்சையில் முதல் ரேங்க்

பள்ளிக்கூடத்தில் வாங்கிய முதல் ரேங்க்கை இத்தனை வருஷமாக வைத்துச் சாப்பிடுகிற மனிதரை நீங்கள் பார்த்ததில்லை என்றால், குடிநீர் வாரிய அலுவலகத்தின் புகார்ப் பிரிவுக்குப் போய்ப் பார்க்கலாம். மின்விசிறிக்கு நேர் கீழே, காகிதம் பறக்காமல் இருக்க ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு உடைந்த குழாய்த் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூட வேலை செய்கிறவர்கள் முகத்துக்கு நேரே 'ரேங்க் சார்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'அந்த ரேங்க்' என்பார்கள். இரண்டுமே அவர் காதில் விழும். இரண்டிலும் அவருக்குச் சந்தோஷம்தான்.

பத்தாவதில் மாவட்டத்திலேயே முதல். பன்னிரண்டாவதிலும் முதல். கல்லூரியில் தங்கப் பதக்கம். செய்தித்தாளில் வந்த படத்தை அம்மா சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தபோது கட்டிலுக்கு முன்னால் அந்தப் படம்தான் வண்டியில் ஏறியது. மெல்லிசாக மீசை அரும்பிய ஒரு பையன், உலகத்தையே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளப் போகிறவன் மாதிரி அதில் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பையனுக்கும் புகார்ப் பிரிவுக்கும் நடுவில் என்ன ஆயிற்று என்று கேட்டால், ஒன்றும் ஆகவில்லை. விஷயமே அதுதான்.

வாரியத்தில் மேலே போக வேண்டுமானால் துறைத் தேர்வு எழுத வேண்டும். வருஷா வருஷம் அறிவிப்பு வரும். வருஷா வருஷம் ரேங்க்குக்கு ஒரு காரணமும் கூடவே வரும். ஒரு வருஷம் ஜலதோஷம். ஒரு வருஷம் மைத்துனி கல்யாணம். ஒரு வருஷம் பாடத்திட்டத்தை மாற்றிவிட்டார்கள், புதுப் பாடத்திட்டம் தரமாக இல்லை. "எழுதினா ஃபர்ஸ்ட்டு நான்தான், அது எல்லாருக்கும் தெரியும். இந்தத் தடவை மனசு இல்ல, அவ்வளவுதான்" என்று தேநீர் இடைவேளையில் சொல்வார். உண்மைதானே? எழுதாத பரீட்சையில் அவரை யாரால் தோற்கடிக்க முடியும்? இதற்கிடையில் அவரிடம் கோப்பு கட்டப் பழகிய அம்மாள் ஒருவர் தேர்வு எழுதி, கண்காணிப்பாளராகி, கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். ரேங்க் அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் கதவை மட்டும் கொஞ்சம் பலமாகச் சாத்திவிட்டு வருவார்.

அவருக்கு இந்த உலகத்தில் பெரிய ரசிகர் என்றால் மாமனார்தான். மாமனார் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் மதிப்பெண் பட்டியல் தட்டச்சு செய்தே ஓய்வு பெற்றவர். மனிதர்களுக்கு முகம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டவர். தெருவில் யாரைப் பார்த்தாலும் அவர் கண்ணுக்கு மார்க்தான் தெரியும். பல் வலி வந்து கன்னம் வீங்கியபோது பெண்கள் இருவரும் அவரைப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்கள். வாசல் பலகையைப் பார்த்ததும் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். "இவனா? கால் பரீட்சையில விஞ்ஞானத்துல இருபத்தெட்டு! இவன்கிட்டயா நான் வாயைத் திறந்து காட்டணும்?" என்றார். வீக்கத்தோடுதான் ஒரு வாரம் திரிந்தார்.

அப்பேர்ப்பட்டவர் மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடினால் எப்படித் தேடுவார்? ரேங்க் கிடைத்தபோது ஆகாயத்தில் பறந்தார். இளைய பெண்ணோ தானாகவே ஒருவரைப் பார்த்து, பிடித்து, கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டாள். அவர் மெத்தைக் கடைக்காரர். மாமனார் அவரிடம் குடும்பம், வருமானம் ஒன்றும் விசாரிக்கவில்லை. "பத்தாவதுல கணக்குல எவ்வளவு?" என்றார்.

"பத்தொம்பதுங்க" என்றார் மெத்தைக்காரர், கூச்சமே இல்லாமல்.

மாமனார் எழுந்து உள்ளே போய்விட்டார். தண்ணீர் குடித்துவிட்டு வருவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அன்றைக்கு அவர் வெளியே வரவேயில்லை.

கல்யாணம் எப்படியோ நடந்தது. வருஷங்கள் ஓடின. மெத்தைக்காரருக்கு முதல் கடை மூடிப்போயிற்று. அப்புறம் நாற்காலி வியாபாரம் செய்தார், அதுவும் மூழ்கிற்று. மூன்றாவதாகத் திறந்த மெத்தைக் கடைக்கு எதிரே யாரோ புண்ணியவான் வரிசையாக இரண்டு மாணவர் விடுதி கட்ட, அதிலிருந்து அவர் நிமிர்ந்துவிட்டார். கார் வாங்கினார், வீடு கட்டினார். அதிர்ஷ்டம், அத்தனையும் அதிர்ஷ்டம் என்று ரேங்க் மனைவியிடம் சொல்வார். "ஆமாம், அதிர்ஷ்டம் கடை திறந்து வெச்சிருக்கறவர் வீட்டுக்குத்தானே வரும்" என்று அவர் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்வாள். ரேங்க் அதைக் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மாமனார் வீட்டில் இருந்தார்கள். மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் சாவி வாங்க இறங்கி வந்தார். மாமனார் விடுவாரா?

"வாங்க, வாங்க. இவர் பெரிய மாப்பிள்ளை. மாவட்டத்துலயே முதல் ரேங்க். கணக்குல நூத்துக்கு நூறு. அந்த வருஷம் பட்டியலை நான்தான் டைப் அடிச்சேன், மூணு இலக்கத்துக்கு கட்டத்துல இடமே பத்தல!"

"அப்படிங்களா!" என்றார் மாடிக்காரர். ரேங்க் பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பணிவுக்கு நல்ல பயிற்சி இருந்தது.

"இவர்..." மாமனார் மெத்தைக்காரர் பக்கம் திரும்பினார். உதவிக்கு யாராவது வருவார்களா என்பது போலச் சுற்றுமுற்றும் பார்த்தார். "இவரும் மாப்பிள்ளைதான்."

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது மெத்தைக்காரர்தான். அவர் எப்போதும் அப்படித்தான் சிரிப்பார். அதனால் அவருக்கு இதெல்லாம் உறைப்பதில்லை என்று குடும்பத்தில் எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் ரேங்க்கின் கையைப் பிடித்து மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார். காய்ந்துகொண்டிருந்த போர்வைக்குப் பின்னால் நிறுத்தினார்.

"அண்ணே, ஒரு உதவி. செத்தாலும் யார்கிட்டயும் சொல்லக்கூடாது. என் பொண்டாட்டிகிட்டகூட."

"சொல்லுங்க சகலை."

"எனக்குக் கணக்கு சொல்லிக்குடுங்க."

"கடைக் கணக்கா?"

"பத்தாங்கிளாஸ் கணக்கு. மத்த பாடமெல்லாம் அப்பவே பாஸ்ணே. இது ஒண்ணுதான் நின்னுபோச்சு. எத்தனையோ தடவை எழுதிப் பார்த்துட்டேன்."

"இந்த வயசுல எதுக்கு சகலை?"

மெத்தைக்காரர் போர்வை நுனியைத் திருகிக்கொண்டே நின்றார். "மாமா ஒரே ஒரு தடவை என்னை வேற மாதிரி சொல்லணும்ணே. 'இவரும் மாப்பிள்ளைதான்'னு இல்லாம. எத்தனை வருஷம்தான் சிரிக்கறது? தாடை வலிக்குது."

ரேங்க் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். இந்த மனுஷனிடம் எல்லாம் இருக்கிறது. கார் இருக்கிறது, இரண்டு குளியலறை வைத்த வீடு இருக்கிறது, ஊரெல்லாம் சிநேகிதம் இருக்கிறது. தன்னிடம் இருப்பது மாமனார் வாயால் வருகிற அந்த ஒரு வரிதான். அதிலும் பங்குக்கு வந்து நிற்கிறாரே! ஆனால் இத்தனை வருஷத்தில் யாரும் அவருடைய மூளையை இரவலாகக் கேட்டதில்லை. தண்ணீர் ஏன் வரவில்லை என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அந்தச் சபலத்தில் "சரி" என்று சொல்லிவிட்டார்.

பாடம் மெத்தைக் கடையின் பின்பக்கக் கிடங்கில் ஆரம்பித்தது. அலுவலகம் விட்டு நேராக அங்கே போய்விடுவார். உட்காரவும் மெத்தை, சாயவும் மெத்தை. பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைகள், கொஞ்சம் அசைந்தாலும் கிறீச் கிறீச்சென்று கத்தும். முதல் நாள் ரேங்க் எண்களின் வரலாற்றிலிருந்து தொடங்கினார். திரும்பிப் பார்த்தால் மாணவர் கவிழ்ந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இவரைச் சொல்லியும் குற்றமில்லை, இடம் அப்படி. மறுநாளிலிருந்து இருவரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

பெரிய தகராறு மூன்றாவது பாடத்தில் வந்தது.

"அண்ணே, இது எத்தனை மார்க் கேள்வி?"

"அதைப் பத்தி உங்களுக்கென்ன? அடிப்படை புரியணும்."

"புரிஞ்சா எத்தனை மார்க் வரும்?"

"சகலை!"

"கோவிச்சுக்காதீங்க. எனக்கு முப்பத்தஞ்சு வந்தா போதும்ணே. வரைபடத்தையும் வடிவியலையும் ஒழுங்கா வரைஞ்சா பாதி கிணறு தாண்டிடலாம். மிச்சத்துக்கு நாலு சின்னக் கேள்வி. எனக்கு வராததை விட்டுடலாம்."

ரேங்க் அதிர்ந்துபோனார். விட்டுவிடுவதா? புத்தகத்தில் ஒரு பாடத்தை விட்டுவிட்டுப் பரீட்சைக்குப் போவது அவருக்குச் சட்டை இல்லாமல் தெருவில் போவது போல. முப்பத்தைந்து என்கிற எண்ணை அவர் பிறத்தியார் பட்டியலில்தான் பார்த்திருக்கிறார். அதை எப்படி வாங்குவது என்று அவருக்கு நிஜமாகவே தெரியாது. நூறுக்குப் போகிற வழியைத்தான் அவர் சொல்லிக்கொடுத்தார். மெத்தைக்காரரோ நடுவழியிலேயே இறங்கிக்கொள்கிறேன் என்று அடம்பிடித்தார்.

நடுவில் கடைக்கு ஆள் வந்தால் அது வேறு தொல்லை. ஒருநாள் மெத்தைக்காரர் இருபடிச் சமன்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. "நீங்க போடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று ரேங்க் எழுந்து போனார். மெத்தை விற்பதில் என்ன பிரம்ம வித்தை என்பது அவர் எண்ணம். எந்த மெத்தை நல்லது என்று அந்தப் பெண் கேட்டாள். ரேங்க் முதுகெலும்பின் வளைவிலிருந்து ஆரம்பித்தார். பஞ்சு, நார், சுருள்கம்பி மூன்றின் நிறைகுறைகளை விளக்கினார். எதுவுமே பூரணமானதல்ல என்று நேர்மையாக முடித்தார். "நாங்க யோசிச்சுட்டு வர்றோம் சார்" என்று ஜோடி மெதுவாகப் பின்வாங்கியது.

மெத்தைக்காரர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஓடிவந்தார். "ஏம்மா, போறதுதான் போறீங்க, கால் வலிக்க நடந்து வந்திருக்கீங்க, அஞ்சு நிமிஷம் படுத்துட்டுப் போங்க. வாங்கவே வேணாம்." ஜோடி கூச்சத்தோடு படுத்தது. அவர் அந்தப் பக்கமே பார்க்காமல் திரும்பி வந்து சமன்பாட்டைத் தொடர்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர்களே எழுந்து வந்து விலை கேட்டார்கள். ரேங்க் அன்றைக்கு வீட்டுக்குப் போகும்வரை உம்மென்றிருந்தார்.

விஷயம் சும்மா இருக்குமா? ரேங்க் ஒரு தலையணையைத் தூக்கிக்கொண்டு போய், வாங்கியவருடைய கார் டிக்கியில் வைத்ததை மாமனாரின் எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டார். அது தெருவெல்லாம் சுற்றி, கண்ணும் காதும் முளைத்து, மாமனார் வீட்டுக்குப் போனபோது, பெரிய மாப்பிள்ளை சின்ன மாப்பிள்ளையிடம் சம்பளத்துக்கு மூட்டை தூக்குகிறார் என்று ஆகியிருந்தது. மாமனார் போனில் கூப்பிட்டார்.

"மாப்ளே, நான் கேள்விப்பட்டது நிஜமா?"

"அப்படியெல்லாம் இல்ல மாமா."

"அப்ப சாயங்காலம் சாயங்காலம் அங்க என்ன பண்றீங்க?"

மெத்தைக்காரருக்குக் கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது. "சும்மா... பேசிக்கிட்டிருப்போம்."

"கணக்குல நூறு வாங்கின கை, தலையணை தூக்கலாமா மாப்ளே?" மாமனாரின் குரல் தழுதழுத்தது. இந்தப் பக்கம் மனைவி வேறு இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். ரேங்க்குக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் கிடங்குக்குள் நுழையும்போதே கத்தினார். "என் மானம் கப்பலேறுது சகலை! உங்களுக்குப் பாடம் சொல்லிக்குடுக்கப் போய் நான் கூலியாள் ஆயிட்டேன்!"

"அப்ப சொல்லிடுங்கண்ணே."

"சொல்லவா?"

"வேண்டாம்" என்றார் மெத்தைக்காரர் அவசரமாக. பிறகு, "ஆமா, உங்க ஆபீஸ்ல ஏதோ பரீட்சை வந்திருக்காமே, நோட்டீஸ் ஒட்டியிருக்கறதா என் கடைக்கு வந்த உங்க ப்யூன் சொன்னாரு. அதை எழுதி மேல போயிட்டா ஒரு பய வாயைத் திறப்பானா? ஏன் எழுத மாட்டேங்கறீங்க?"

"எனக்கு அதெல்லாம் தேவையில்ல."

"தேவையில்லாமயா அந்த அம்மா ரூம் கதவை அப்படிச் சாத்தறீங்க?"

"அதையும் சொன்னானா அந்தப் ப்யூன்!"

"சொல்லுங்கண்ணே. ஏன் எழுதல?"

ரேங்க் கோபமாகச் சாக்பீஸை வீசினார். அது மெத்தையில் விழுந்து சத்தமே எழுப்பவில்லை. அதுதான் அவரை உடைத்துவிட்டது. "ஃபெயிலாயிட்டா?" என்றார். "எழுதி ஃபெயிலாயிட்டா? அப்புறம் நான் யாரு? சொல்லுங்க, அப்புறம் என்ன பண்றது?"

மெத்தைக்காரர் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். இந்தக் கேள்வியை இதுவரை யாருமே அவரிடம் கேட்டதில்லை. இந்த ஒரு பாடத்தில் அவர்தான் தேர்ந்தவர் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

"ஒண்ணும் பண்ண வேணாம்ணே. காலையில ரிசல்ட் பார்ப்பீங்க. கொஞ்ச நேரம் காது அடைச்ச மாதிரி இருக்கும். யார் பேசினாலும் தூரத்துல பேசற மாதிரி இருக்கும். அப்புறம் பசிக்கும். சாப்பிடுவோம். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"எனக்கு ஒவ்வொரு தடவையும் அவ்வளவுதான்." சற்று நிறுத்தி, "நீங்க எழுதலேன்னா நானும் எழுதப்போறதில்ல. சும்மா நான் மட்டும் ஏன் அடி வாங்கணும்? கூட ஒரு ஆள் வேணும்" என்றார்.

ரேங்க்கின் மனசுக்குள் ஒரு சின்னப் பிசாசு கையைத் தேய்த்துக்கொண்டது. தான் மாட்டேன் என்றால் இவரும் எழுதமாட்டார். எழுதாவிட்டால் மாமனாரின் வரியில் பங்கு கிடையாது. எவ்வளவு சுலபம்! சரி, வேண்டாம் என்று சொல்லத்தான் நிமிர்ந்தார். அதற்குள் மெத்தைக்காரர் குனிந்து, பாதியில் விட்ட கணக்கை முணுமுணுத்துக்கொண்டு போட ஆரம்பித்திருந்தார். திடீரென்று, "ரெண்டும் மூணும்!" என்று அலறினார். "கூட்டினா அஞ்சு, பெருக்கினா ஆறு! அண்ணே, ரெண்டும் மூணும்! நானே கண்டுபிடிச்சேன்ணே!" நாற்பத்தைந்து வயசு மனுஷன், தொந்தியும் தானுமாக மெத்தை மேல் ஏறிக் குதித்தார். கிறீச் கிறீச்சென்று பிளாஸ்டிக் அலற, மேலே அடுக்கியிருந்த தலையணைகள் ஒவ்வொன்றாக ரேங்க்கின் தலையில் விழுந்தன.

நூற்றுக்கு நூறு வாங்கியபோதுகூட ரேங்க் இப்படிக் குதித்ததில்லை. அப்போது, அப்பாடா, ஒரு மார்க்கும் போகவில்லை என்றுதான் இருந்தது அவருக்கு. தலையணைக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்தபடியே, "எழுதறேன். ரெண்டு பேரும் எழுதலாம்" என்றார். சொன்ன பிறகு பிசாசைத் தேடினார். காணோம்.

மெத்தைக்காரர் பரீட்சைக்குப் போனபோது வாசலில் நின்ற பிள்ளைகள் அவரை மேற்பார்வையாளர் என்று நினைத்து எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவரும் பதில் வணக்கம் சொல்லி, "நல்லா எழுதுங்கப்பா" என்று வாழ்த்திவிட்டு, அவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தார். வரைபடம், வடிவியல், தெரிந்த நாலு கேள்வி. மணி அடிப்பதற்கு முன்பே வெளியே வந்து டீ குடித்தார்.

ரேங்க் எழுதப்போவதை வீட்டில் சொல்லவில்லை. ஏதோ பயிற்சி வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். "தெரிஞ்சதை எல்லாம் எழுதாதீங்கண்ணே, எல்லாக் கேள்வியையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுட்டு வாங்க" என்று மெத்தைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியனுப்பியிருந்தார். பத்தொன்பது மார்க் வாங்கிய ஆள் தனக்கு யோசனை சொல்வதாவது!

கேள்வித்தாள் வந்தது. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். முதல் கேள்வி: குழாய்க் கசிவின் வகைகளை விளக்குக. ரேங்க்குக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. புகார்ப் பிரிவில் இத்தனை காலம் உட்கார்ந்தவர் அல்லவா? மூட்டுக் கசிவு, துருக் கசிவு, வேர் நுழைந்த கசிவு, வீட்டுக்காரரே துளை போட்டுவிட்டு இயற்கையின் மேல் பழி போடும் கசிவு என்று எல்லாவற்றையும் எழுதினார். படம் போட்டார். படத்துக்குச் சிவப்பிலும் நீலத்திலும் கோடு போட்டார். கூடுதல் தாள் கேட்டார், மறுபடி கேட்டார். ஓவியம் மாதிரி முடித்துவிட்டு இரண்டாவது கேள்விக்குப் போனார். மூன்றாவது கேள்விக்கு முடிவுரை எழுதத் தொடங்கும்போது மணி அடித்தது.

"சார், நான் இன்னும் எழுதவே ஆரம்பிக்கல" என்றார் தாளைப் பிடித்துக்கொண்டு.

"இவ்வளவு எழுதியிருக்கீங்களே சார்!" என்று மேற்பார்வையாளர் தாளைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

மெத்தைக்காரரின் முடிவு முதலில் வந்தது. முப்பத்தேழு! கிடங்கில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "மாமாகிட்ட இப்பவே போலாமா?" என்றார் ரேங்க். "உங்களோடதும் வரட்டும்ணே, சேர்த்துச் சொல்லலாம்" என்றார் மெத்தைக்காரர். யாரிடமும் மூச்சு விடவில்லை. எப்படித்தான் அந்த வாயை மூடி வைத்திருந்தாரோ!

சில வாரங்களில் துறைத் தேர்வு முடிவை அலுவலகப் பலகையில் ஒட்டினார்கள். ரேங்க் பழக்கதோஷத்தில் முதல் வரியைப் பார்த்தார். இல்லை. இரண்டாவது வரி. இல்லை. பட்டியலில் கீழே இறங்கிப் பார்த்துப் பழக்கமில்லாததால் ரொம்ப நேரம் ஆயிற்று. தேர்ச்சி பெற்றவர்கள் முடிந்து ஒரு கோடு போட்டிருந்தது. கோட்டுக்குக் கீழே இருந்தார். இருபத்தொன்பது. எழுதிய மூன்று கேள்விகளில் முப்பதுக்கு இருபத்தொன்பது வாங்கியிருக்கிறார் என்று அந்த நிலையிலும் மனசு கணக்குப் போட்டது. யாரோ "ரேங்க் சார்" என்று கூப்பிட்டார்கள். அது எங்கோ தூரத்தில் கூப்பிடுவது போலக் கேட்டது.

கால்கள் தாமாகவே மெத்தைக் கடைக்கு வந்தன. மெத்தைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். ஷட்டரைப் பாதி இறக்கினார். கடையிலேயே உசத்தியான மெத்தையைக் காட்டி, "படுங்கண்ணே" என்றார். இத்தனை நாள் வந்தும் ரேங்க் அதில் படுத்ததில்லை. படுத்தார். படுத்த மாத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. குழந்தை மாதிரி, தேம்பித் தேம்பி அழுதார்.

அழுது ஓய்ந்ததும் மார்க்கைச் சொன்னார். "முப்பதுக்கு இருபத்தொம்பதா?" மெத்தைக்காரர் துள்ளினார். "அண்ணே, அப்ப அங்கயும் நீங்கதான் ஃபர்ஸ்ட்டு!"

"இல்ல சகலை. சும்மா சொல்லாதீங்க. ஃபெயில்."

"சரி. ஃபெயில்" என்றார் மெத்தைக்காரர். பிறகு மெத்தை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "மாமாகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்ணே. என்னுதையும் சேர்த்து. முப்பத்தேழு எங்க ஓடிடப்போகுது? நமக்குத் தெரிஞ்சா போதும்."

ரேங்க் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மெத்தைக்காரர் தயங்கித் தயங்கி, "பசிக்குதாண்ணே?" என்றார்.

ரேங்க் யோசித்துப் பார்த்தார். "பசிக்குது" என்றார், தன்னாலேயே நம்ப முடியாமல்.

வீட்டுக்குப் போனபோது மனைவி சமையலறைக் குழாயடியில் நின்றிருந்தாள். "துறைத் தேர்வுல நான் ஃபெயில்" என்றார். அவள் குழாயை மூடினாள்.

"எழுதினீங்களா?"

"ஃபெயில்னு சொல்றேன்."

"அதில்லங்க. நிஜமா உள்ள போய் உட்கார்ந்து எழுதினீங்களா?"

"எழுதினேன்."

"அப்பாடா!" என்று அவள் அப்படியே சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. "இத்தனை வருஷமா அந்த ஃபோட்டோல இருக்கற பையன்கூடத்தான் குடும்பம் நடத்திக்கிட்டிருந்தேன். அவன்கிட்ட எதுவும் சொல்லவும் முடியாது, கேக்கவும் முடியாது." அன்றைக்கு அவள் அவரை 'ரேங்க்' என்று கிண்டலாகக்கூடக் கூப்பிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் மறுபடி எல்லாரும் கூடினார்கள். ஸ்க்ரூடிரைவர் கேட்டு மாடிக்காரர் இறங்கி வந்தார். மாமனாருக்கு ஏற்கெனவே அறிமுகம் செய்தது மறந்துபோயிருந்தது, அல்லது மறந்த மாதிரி இருந்தார்.

"வாங்க, வாங்க. இவர் பெரிய மாப்பிள்ளை. மாவட்டத்துலயே..."

"இருங்க மாமா, நான் சொல்றேன்" என்று ரேங்க் எழுந்தார். மெத்தைக்காரர் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். ரேங்க் அந்தக் கையைத் தட்டிவிட்டார். "இவர் சின்ன மாப்பிள்ளை. என் சகலை. போன மாசம் பத்தாவது கணக்குப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியிருக்காரு. முப்பத்தேழு. நான் சாயங்காலம் கடைக்குப் போனது மூட்டை தூக்க இல்ல மாமா, இதுக்குத்தான். அப்புறம் நான் பெரிய மாப்பிள்ளை. எங்க ஆபீஸ் தேர்வுல ஃபெயில்."

மெத்தைக்காரரின் மனைவி வாயில் கை வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். மாமனார் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்தார், இன்னொரு மாப்பிள்ளையைப் பார்த்தார். "முப்பத்தேழா?" என்றார். மெத்தைக்காரர் தலையாட்டினார். சிரிக்கவில்லை. மாமனார் எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தார். கல்யாணத்துக்கப்புறம் முதல் தடவையாக வைத்தார்.

பிறகு ரேங்க் பக்கம் திரும்பினார். "நீங்க எவ்வளவு மாப்ளே?"

"இருபத்தொம்பது."

"பாஸ் எவ்வளவு?"

"முப்பத்தஞ்சு."

ரேங்க் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே அழுதுகொண்டு நின்ற எத்தனையோ பெற்றவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய அதே குரலில், "ஆறு மார்க்தானே? இதுக்கா தலையைக் குனியறது? அடுத்த தடவை வந்துடும், போங்க" என்றார்.

மாடிக்காரர் யாரோ எடுத்துக்கொடுத்த ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார் மெதுவாக. "போன தடவையும் மார்க்தான் சொன்னீங்க, இப்பவும் மார்க்தான் சொல்றீங்க. நீங்க ரெண்டு பேரும் என்ன வேலை பார்க்கறீங்கன்னு யாரும் சொல்லவே இல்லையே."

குடும்பமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"இவர் மெத்தைக் கடை வெச்சிருக்காரு" என்றார் ரேங்க். "நான் குடிநீர் வாரியத்துல புகார்ப் பிரிவு. மாடியில தண்ணி ஒழுங்கா வருதா?"

"எங்க சார் வருது! குடிவந்த நாள்லேர்ந்து நூல் மாதிரிதான் ஒழுகுது. யார்கிட்ட சொல்றதுன்னே தெரியல."

"முதல்லயே கேட்டிருக்கக்கூடாதா?" என்று ரேங்க் அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டியபடி படியேறினார்.